கடைசி வாங்கில் பெரிய டீச்சர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்தைந்து வருடங்களுக்கு மேல் படிப்பித்த பெரிய டீச்சருக்குக் கணக்கு வராது என்பதைக் கண்டுபிடித்தவன் நான்தான். அப்போது ஆறாம் வகுப்பு. எங்கள் வீட்டில் அவ்வளவு தூரம் படித்த ஆள் அதுவரை யாரும் இல்லை. ஆகையால் நான் சொன்னால் அம்மா நம்பினார்.

அந்த வருடம் எங்களுக்குக் கணக்குச் சொல்லித்தர யாழ்ப்பாணத்திலிருந்து ஓர் இளம் சேர் வந்திருந்தார். முதல் வேலை. அவர் "விளங்குதோ?" என்று கேட்டால், நாற்பது பேரும் "ஓம்ம்ம் சேர்" என்று அவரைப் போலவே கேலியாக இழுப்போம். விளங்கியதா என்பது வேறு விஷயம். ஒரு திங்கட்கிழமை அவர் சோக்கட்டியை மேசையில் வைத்தார்.

"இந்தக் கிழமையோட நான் போறன். நீங்கள் வேற ஆரிட்டையும் படியுங்கோ."

வகுப்பு கைதட்டியது. நானும்தான் தட்டினேன். இவரும் போனால் இந்த வருடம் கணக்குக்கு ஆளே கிடையாது என்று பிரின்சிபல் வந்து சொன்ன பிறகுதான் கைகள் நின்றன.

மறுநாள் பெரிய டீச்சர் வகுப்புக்குள் வந்தார். ஏசப்போகிறார் என்று எழுந்து நின்றோம். அவரோ நேராகக் கடைசி வாங்குக்கு வந்து, "தள்ளி உக்காருடா" என்று என் பக்கத்தில் அமர்ந்து, ஒரு புதுக் கொப்பியைத் திறந்தார்.

சேர் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னார். டீச்சர் என் கொப்பியை எட்டிப் பார்த்தார். பிறகு கையைத் தூக்கினார்.

"சேர், எனக்கு அஞ்சுல ரெண்டுன்னு வருது. சரிதானே?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கொப்பியிலும் அதுதான் இருந்தது. இந்த வயதில் பார்த்து எழுதுகிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

"இல்லை டீச்சர், அது... இஞ்ச பாருங்கோ." சேருக்கு வியர்த்தது.

"விளங்கல சேர். இன்னொரு தடவ சொல்லுங்க, மெதுவா."

சேர் ஒரு வட்டம் கீறி ஆறாகப் பிரித்தார். பாதிக்கு மூன்று துண்டு, மூன்றில் ஒன்றுக்கு இரண்டு துண்டு, மொத்தம் ஆறில் ஐந்து. பெரிய டீச்சரே கேட்டுக்கொண்டிருக்கும்போது யார் 'ஓம்ம்ம்' என்று இழுப்பது? எனக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. டீச்சர் மட்டும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

அம்மாவுக்கு நகரசபையில் தெருக் கூட்டும் வேலை. கையெழுத்து மட்டும் போடுவார். டீச்சருக்குக் கணக்கு வராது என்று அன்று மாலையே அவரிடம் சொன்னேன்.

"பாவம்டா, வயசாகிருச்சுல்ல, மறந்திருக்கும். நீயாவது சொல்லிக் குடு" என்று மறுநாள் தேங்காய் ரொட்டி ஒன்று கூடுதலாகக் கட்டித் தந்தார். "டீச்சருக்கே டீச்சரா? பிரம்பு எடுத்துட்டுப் போயிறாத" என்று அப்பா சிரித்தார்.

இடைவேளையில் ரொட்டியை ஆறாகப் பிய்த்து விளக்கினேன். டீச்சர் லேசில் விடவில்லை.

"ஏன் ஆறு? அஞ்சா பிச்சா என்ன?"

"அஞ்சுல பாதி எப்படி டீச்சர் எடுக்கிறது?"

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. வகுப்பின் பெரிய குழப்படிக்காரனும் தலையை நீட்டினான். "டேய், அப்போ மூணுல ரெண்டும் நாலுல ஒண்ணும்னா?"

நான் விரல்விட்டு எண்ணினேன். "பன்னெண்டாப் பிக்கணும்."

"தூள்தான்டா மிஞ்சும்!"

துண்டுகளைப் பங்கிட்டுத் தின்றோம். இரண்டை எடுத்துக்கொண்ட டீச்சர், "மூணுல ஒண்ணு" என்றார். தேறி வருகிறார் என்று எனக்குத் திருப்தி.

வெள்ளிக்கிழமை சேர் ஊருக்குப் போகப் பையையும் கட்டி எடுத்துக்கொண்டு வகுப்புக்கு வந்தார். ஒரு கணக்கைச் செய்து முடித்து, பழக்கத்தில் "விளங்குதோ?" என்றார். டீச்சர் கையைத் தூக்குவார் என்று பார்த்தேன். அவர் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார்.

குழப்படிக்காரன்தான் எழுந்தான். "விளங்கல சேர். இன்னொரு தடவ சொல்லுங்க."

கேலிக்குத்தானோ என்று சேர் அவன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சோக்கட்டியை எடுத்தார். மணி அடித்தும் நிறுத்தவில்லை. திங்கட்கிழமையும் வந்தார். நாங்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதும்வரை அவர்தான் எங்கள் கணக்கு சேர்.

அந்தத் திங்கட்கிழமை என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. எட்டாம் வகுப்புக்குப் புதிதாக வந்திருந்த விஞ்ஞான மிஸ்ஸைப் பையன்கள் அழ வைத்துக்கொண்டிருந்தார்கள். அரைச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அங்கே கடைசி வாங்கில் பெரிய டீச்சர் ஒரு புதுக் கொப்பியைத் திறந்துகொண்டிருந்தார்.

பள்ளிக்கூடம் விட்டதும் வீட்டுக்கு ஓடினேன்.

"அம்மா, டீச்சர் பாஸ்! நேரா எட்டாம் வகுப்புல போட்டுட்டாங்க!"

அம்மா ஈரக் கையைத் துடைத்துவிட்டு என் தலையைத் தடவினார். விஞ்ஞானத்தில் அவருக்குச் சொல்லிக்கொடுக்க அந்த வகுப்பில் யாராவது இருக்க வேண்டுமே என்பது ஒன்றுதான் எனக்குக் கவலை.