சுபேதார் பூசிய சேறு

கொள்ளிடம் பாலத்தில் பாதி தூரம் வந்தபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது. தோளில் ஒரு துணிப்பை. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு வேட்டி, பல் செட் தேய்க்கும் சின்ன அரங்கள் இரண்டு. ஆற்றில் தண்ணீர் ஓர் ஓரமாக மட்டும் ஓடியது. மீதியெல்லாம் மணல். திருவானைக்காவலில் சுபேதாரின் வீட்டிலிருந்து, ‘கடை வரைக்கும் போயிட்டு வரேன் சார்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். கடைக்குப் போகிறவன் துணிமணியை எடுத்துக்கொண்டு போவதை அவர் பார்த்தார். தீப்பெட்டி வாங்கிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம் அது. எனக்கு முப்பத்து நான்கு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்ற பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷம் முழுசாக இருந்தவன் இல்லை. லேத் பட்டறை, லாரி, கல் குவாரி என்று சுற்றிவிட்டு, கடைசியாகத் தில்லை நகரில் டாக்டர்களுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் ஒருவரிடம் ஏழு மாதம் இருந்தேன். பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர், தன் கீழ் வரிசைப் பல் செட் ஈறைக் கடிக்கிறது என்று அங்கே வந்தார். நான் அதைத் தேய்த்துக் கொடுப்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“குடிக்காத கையா இது?” என்றார்.

“குடிக்கக் காசில்லாத கை சார்” என்றேன்.

“அது போதும். நாளைக்கு என் வீட்டுக்கு வா.”

அவருடைய கைகள் நடுங்கும் என்பதை அடுத்த நாள்தான் கண்டேன். முந்தின நாள் கடையில் இரண்டு கையையும் முழங்காலுக்கு நடுவில் செருகி உட்கார்ந்திருந்தார். மனைவி இறந்து தனியாக இருந்தார். ஒரே மகள் ஜெர்மனியில் நர்ஸ். இரண்டு வருஷம் முன்பு அவள் வந்திருந்தபோது காப்பி அவர் மடியில் கொட்டியிருக்கிறது. கன்னிகாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லம் ஒன்றில் அவருக்கு இடம் கேட்டு வைத்துவிட்டுத்தான் அவள் ஜெர்மனிக்குத் திரும்பினாள். காய்ச்சல் நடுக்கம், இப்போது சரியாகிவிட்டது என்று இவர் கடிதம் எழுதினார். அவள் நம்பவில்லை. சர்வீஸில் இருந்த காலத்தில் பிளாஸ்டிக் விமானம், டாங்கி எல்லாம் ஒட்டிச் சேர்த்தவர் அவர். அந்த வீம்பில், ‘அங்கே கிடைப்பதிலேயே கஷ்டமான சிப்பாய் பொம்மை செட்டை அனுப்பு, என் கையாலேயே செய்து காட்டுகிறேன்’ என்று எழுதிவிட்டார். அவளும் அனுப்பிவிட்டாள்.

அட்டைப்பெட்டிக்குள் நாற்பதுக்கு மேல் துண்டுகள் இருந்தன. பிளாஸ்டிக் இல்லை, ரெசின். எங்கள் பல் செட் சாமானுக்குப் பங்காளி மாதிரி, ஆனால் இன்னும் சட்டென்று உடையக்கூடியது. காயம்பட்ட ஒருவனை நான்கு சிப்பாய்கள் ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு சேற்றில் இறங்கும் காட்சி. ஒவ்வொரு கையும் தலையும் தடித்த ஒரு கட்டையோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. கட்டையை மெல்லிய ரம்பத்தால் அறுத்தெடுக்க வேண்டும். சுபேதார் முதல் துண்டை அறுக்கும்போதே ஒரு சிப்பாயின் மணிக்கட்டை முறித்துவிட்டார். அதற்குப் பிறகு நான்கு மாதம் பெட்டியைத் திறக்கவில்லை.

“இன்னும் அஞ்சு வாரத்துல அவ வரா. அதுக்குள்ள இவங்க அஞ்சு பேரும் எந்திரிச்சு நிக்கணும். இல்லேன்னா நான் அந்த இல்லத்துல தட்டோட வரிசையில நிக்கணும்” என்றார்.

“அஞ்சுல ஒருத்தன் படுத்திருக்கான் சார்.”

“அவனாவது நிம்மதியாப் படுக்கட்டும். நீ வேலையப் பாரு.”

பல் செட் கடையை விட்டு நின்றுகொண்டேன். அதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, ஏழு மாதம் ஆகியிருந்தது. அவர் வீட்டுப் பின்கட்டு அறையில் தங்கினேன். செய்முறைத் தாள் ஜெர்மன் பாஷையில் இருந்தது. எங்களுக்குப் புரிந்தது அதிலிருந்த ஒரு போட்டோ மட்டும்தான். தூசி நெஞ்சுக்குள் போகாமலிருக்க எல்லாவற்றையும் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்தேன். வளைந்து வந்திருந்த துப்பாக்கிகளை வெந்நீரில் போட்டு நிமிர்த்தினேன். முறிந்த மணிக்கட்டுக்குள் மயிர்போன்ற பித்தளைக் கம்பி செருகினேன். வார்க்கும்போது காற்றுக் குமிழி விழுந்த பள்ளங்களை ஈறு செய்கிற ரோஸ் நிறப் பொடியைக் குழைத்து அடைத்தேன். ஒரு வாரம் அந்தச் சிப்பாய்கள் உடம்பெல்லாம் ஈறு முளைத்தவர்கள்போல நின்றார்கள். பெயின்ட் அடித்ததும் அது மறைந்தது.

சுபேதார் எதிரில் உட்கார்ந்து உத்தரவு போடுவார். தூக்குகிறவன் முழங்கால் இப்படி மடியாது, பாரம் இருக்கிறது பார் என்பார். சில நாள் நடுவிலேயே எழுந்து உள்ளே போய்ப் படுத்துவிடுவார். காலையில் நான்தான் அவருக்குச் சவரம் செய்துவிட்டேன். யாரும் கேட்டுத் தொடங்கியதில்லை. முதல் வாரம் அவர் தாடையில் ரத்தம் பார்த்தேன், பிளேடை வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான். அந்த நேரத்தில் மட்டும் இருவரும் பேசமாட்டோம்.

கடைசியில் சேறு பாக்கி இருந்தது. கொள்ளிடத்து வண்டலைச் சலித்துப் பசையில் குழைத்தேன். நான் பூசியது சிமென்ட் பூச்சு மாதிரி சமமாக உட்கார்ந்தது. எத்தனை முறை செய்தும் அப்படித்தான் வந்தது. சுபேதார் பொறுமை இழந்து, “கொண்டா இங்க” என்று பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷைப் பிடுங்கினார். கை உதறிய உதறலில் சேறு சிப்பாய்களின் கால்சட்டையிலும் முகத்திலும் ஸ்ட்ரெச்சர் கம்பிலும் போய்த் தெறித்தது. கெடுத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு குனிந்து பார்த்தேன். அதுவரை பொம்மைகளாக நின்றவர்கள் அப்போதுதான் எங்கேயோ போய்க்கொண்டிருந்தார்கள். அவரும் பார்த்தார். தன் கையையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மகள் வந்த அன்று என்னை வீட்டுக்கு வெள்ளையடிக்க வந்தவன் என்று சொன்னார். அதற்காகவே ஒரு சுவரைப் பாதி அடித்து வைத்திருந்தேன். அவள் மேசை முன் நெடுநேரம் நின்றாள். அடிப்பலகையைத் திருப்பிப் பார்த்தாள். ஒரு சிப்பாயின் தூக்கிய பூட்ஸின் அடியில் பெயின்ட் படாத ரோஸ் நிறப் பொட்டு ஒன்று இருந்தது.

“இது பல் செட்டு சாமான்தானேப்பா?”

“பல்லு கட்டின எடத்துல கேட்டு வாங்கினேன். அவங்கிட்ட சும்மாதான் கெடந்துச்சு.”

“ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றாள். காப்பியை அவர் முன் வைத்தாள். சூடாக இருக்கிறது, ஆறட்டும் என்றார். அது ஆறியது. ஆடை கட்டியது. அவள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பழைய ஆட்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் தூங்கும்போது பின்கட்டுக்கு வந்தாள். என் நகக் கண்களில் ஒட்டியிருந்த பொம்மை பெயின்டைப் பார்த்தாள்.

“அண்ணே, சேறு மட்டும் அப்பா செஞ்சது. சரிதானே?”

நான் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

“எனக்குத் தெரியும்னு அவர்கிட்ட சொல்லாதீங்க. அவர் மொகத்துல ஒரு கீறல் இல்ல. அதையும் பாத்தேன்.” உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். “நீங்க கூட இருக்கிறதா இருந்தா அந்த இல்லத்துல வேண்டாம்னு எழுதிக் குடுத்துடுவேன். சம்பளம் மாசாமாசம் அனுப்புறேன். இருப்பீங்களா? நாளைக்கு அவங்களுக்குச் சொல்லியாகணும்.”

“காலையில சொல்றேன்மா” என்றேன்.

வேலை கஷ்டமானது இல்லை. எனக்கு அவரைப் பிடித்தும் இருந்தது. ஆனால் அதன் பிறகு எனக்கு மத்தியானச் சோறு போடும்போது அவர் மகள் எனக்கென்று ஒரு தட்டைத் தனியாக எடுத்து, இனிமே இது உங்களுக்கு என்றாள். அந்தத் தட்டுதான் என்னை அன்று சாயங்காலமே கிளப்பியது. இதைவிட நல்ல காரணம் ஒன்றை இத்தனை வருஷமாகத் தேடுகிறேன், கிடைக்கவில்லை. பாலத்தின் மேல் நின்று ஒருமுறை திரும்பலாமா என்று யோசித்தேன். கால் வலித்தது. எந்தப் பக்கம் நடந்தாலும் வலி ஒன்றுதான் என்று தோன்றியது. மேலே நடந்தேன். டோல்கேட்டில் டீ குடித்துவிட்டு, மண்ணச்சநல்லூரில் ஒரு மூடிய கடையின் வாசலில் படுத்தேன்.

மறுநாள் காலை, அவருக்கு நான் சோப்பு நுரை போடுகிற நேரம், அங்கே ஒரு அரிசி ஆலையின் வாசலில் நின்றேன். கணக்கப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒங்கள மாதிரி ஆளுங்க பத்து நாள்ல ஓடிடுறாங்கய்யா. நீ இருப்பியா?”

“இருப்பேங்க” என்றேன். யோசிக்கவே இல்லை.

அவித்த நெல்லைக் களத்தில் பரப்பியிருந்தார்கள். காயும் வரை அதைக் காலால் கிளறிவிட வேண்டும். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அந்தச் சூட்டில் இறங்கி, களத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு நடக்க ஆரம்பித்தேன்.