வலப்பக்கம் நெளிந்த குதிரை

எனக்குத் திண்டுக்கல்லில் வீடு, தொப்பம்பட்டிப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் வேலை. மாடு, ஆடு, கோழி என்று பொழுது ஓடியது. குதிரைக்கு ஊசி குத்தி வலியைப் போக்கும் அக்குபங்சரைப் பற்றி யாராவது பேசினால் கிண்டலடிக்கிற ஆளாகத்தான் இருந்தேன். அந்த வாயை அடைத்தது நெய்க்காரப்பட்டியிலிருந்து வந்த ஒரு மட்டக்குதிரை.

பழனியில் பக்தர்களை ஏற்றும் வண்டிக்குதிரை அது. சேணத்தின் வாரை இறுக்கினாலே கடிக்க வரும், ஆள் ஏறினால் நகராது. குளம்பைப் பார்த்தேன், பல்லைப் பார்த்தேன், வலிக்கு மருந்து போட்டேன். பத்து நாள் ஓடும், மறுபடி வந்து நிற்கும்.

"வித்துப்போடுன்னு வீட்ல சொல்றாங்க. வாங்கறவன் இது சாகற வரைக்கும் அடிச்சே ஓட்டுவானுங்க டாக்டரம்மா. ஏதாச்சும் பண்ணோணும்" என்றார் வண்டிக்காரர்.

அன்று அதன் முதுகெலும்பை ஒட்டி விரலை மெல்ல ஓட்டினேன். வலப்பக்கம் ஓரிடத்தில் வந்ததும் முதுகு அப்படியே கீழே நெளிந்தது. இடப்பக்கம் ஒன்றுமில்லை. ஏன் ஒரு பக்கம் மட்டும்? வீட்டில் சோற்றைப் பிசைந்தபடியே அதை யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் விடுப்பு எடுத்துக்கொண்டு, நான் கிண்டலடித்த அதே வைத்தியத்தின் பயிற்சி வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அங்கே ஊசியை முதலில் எங்கள் கையிலேயே குத்திப் பழகினோம். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்யும் கைரோபிராக்டிக்கும் கொஞ்சம் படித்தேன்.

திரும்பி வந்து மட்டக்குதிரைக்கு முதல் ஊசியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அதன் கீழுதடு தொங்கியது. தலையைத் தாழ்த்தி நீளமாக ஒரு கொட்டாவி விட்டது, வலி விட்டதற்கு அடையாளமாக. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அன்று என்னிடம் போனில் சிக்கியவர்களுக்கெல்லாம் குதிரைக் கொட்டாவிக் கதைதான்.

இரண்டே வாரம். அதே இடம், அதே நெளிவு. வெட்கமாகப் போய்விட்டது.

வண்டிக்காரர் ஒவ்வொரு முறையும் குதிரையைக் குளிப்பாட்டி, நெற்றியில் பொட்டு வைத்து, வண்டியில் பூட்டாமல் வெறுமனே பிடித்து வருவார். டாக்டரிடம் போவதற்கு அதுதான் மரியாதை என்பது அவர் எண்ணம். வண்டியை இழுத்துப் பிழைக்கிற குதிரை இழுத்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நாலு ஊர் தள்ளி வகுப்புக்குப் போனவளுக்கு இதைக் கேட்கத் தோன்றவில்லை.

"நாளைக்கு வண்டியோட வாங்க. நானும் ஏறுறேன்" என்றேன்.

மறுநாள் எனக்கு உள்ளே இடம் காட்டிவிட்டு, குதிரையின் வலப்பக்கம் நீளும் மரச்சட்டத்தில் அவர் ஒருக்களித்து உட்கார்ந்தார்.

"ஏன் அங்கன உக்காருறீங்க?"

"சாமி கும்பிட வர்றவங்க பொம்பளையாளு, கொழந்தைங்கன்னு வருவாங்க. அவங்க மேல இடிச்சுக்கிட்டு உக்கார முடியுங்களா? வண்டி ஓட்டப் பழகுனதுல இருந்து இப்பிடித்தானுங்க."

வண்டி நகர்ந்தது. அவருடைய பாரத்தில் சட்டம் தாழ்ந்து, சேணம் வலப்பக்கமாக அழுந்துவதைக் கண்ணால் பார்த்தேன். நிறுத்தச் சொல்லி இறங்கி, சேணத்துக்கும் முதுகுக்கும் நடுவே விரலை விட்டுக் காட்டினேன். இடப்பக்கம் விரல் போனது. வலப்பக்கம் நகம்கூட நுழையவில்லை.

அவர் தன் விரலையும் விட்டுப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"அப்ப இத்தன நாளும் அதுக்கு வலி நாந்தானுங்களா?"

"நீங்க மட்டுமில்ல. வலி தெரியாமப் பண்ணி மறுபடியும் பூட்ட அனுப்புனது நாந்தான்" என்றேன்.

இனி ஒரு ஆளைக் குறைத்துக்கொண்டு உள்ளே நடுவில் உட்காருங்கள், முதுகு ஆறட்டும், விற்க வேண்டியதே இருக்காது என்று சொன்னேன். தலையாட்டினார். ஆனால் ஏறவில்லை. கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு குதிரையின் பக்கத்திலேயே நடக்க ஆரம்பித்தார்.

"நீங்க உக்காருங்க டாக்டரம்மா" என்றார்.

எனக்கு உட்கார மனம் வரவில்லை. காலி வண்டிக்குப் பின்னால் நானும் நடந்தேன்.