ஒரே ஃப்ரேமில் இரண்டு மச்சான்கள்

போன மாதம் கம்பைநல்லூரில் என் பேத்திக்கு ஞானஸ்நானம். வந்தவர்கள் எல்லாரும் கையில் செல்போன் வைத்திருந்தார்கள். நான் மட்டும் கழுத்தில் ஒரு பெட்டியை மாட்டிக்கொண்டு போனேன்.

பெட்டி என்றால்... மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா. நெகட்டிவே தீப்பெட்டியைவிடப் பெரிது. இந்த வகையில் பேர்போன கேமராக்களின் விலையைக் கேட்டால் நிலத்தை விற்கத் தோன்றும். என்னுடையது ஓசூரில் செகண்ட் ஹேண்டில் கிடைத்த மலிவு ரகம். மேலே ஒரு லென்ஸ், கீழே ஒரு லென்ஸ், கழற்ற முடியாது. விதவிதமான லென்ஸ்களை மாட்டிப் பார்க்க வேறு கேமரா வேண்டும், அடாப்டர் வேண்டும், வீட்டில் அனுமதியும் வேண்டும்.

ஒவ்வொரு படம் எடுத்ததும் ஃபிலிமைக் கையால் சுற்ற வேண்டும். மறந்தால், அடுத்த படம் முந்தைய படத்தின் மேலேயே விழுந்துவிடும். கேமரா எச்சரிக்காது. மலிவு என்றேனே!

என் மனைவிக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி. ஆரோக்கியம், அந்தோணி. இருவருக்கும் ஒரே கிணறு, ஒரே மோட்டார். யார் முதலில் தண்ணீர் பாய்ச்சுவது என்று போன கோடையில் வந்த சண்டை... அதிலிருந்து பேச்சு இல்லை. மனைவி இருவரிடமும் அழுது பார்த்துவிட்டாள்.

சர்ச் வாசலில், "பாப்பாவோட ரெண்டு பேரும் சேந்து நில்லுங்களேன்" என்றாள்.

"அவன் நின்னா நான் நிக்கலீங்க மாப்ள" என்றார் ஆரோக்கியம் — என்னைப் பார்த்து.

"அவரு மொதல்ல எடுத்துக்கட்டும் மாமா" என்றான் அந்தோணி. அவனும் என்னைத்தான் பார்த்தான்.

பேத்தியோடு இருவரையும் தனித்தனியாக எடுத்தேன். முதல் படம் முடிந்ததுமே மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். என் கவனம் அவள் பின்னாலேயே போய்விட்டது. நடுவில் ஃபிலிமைச் சுற்றினேனா?

பெங்களூரில் கழுவி வந்த பிறகு தெரிந்தது. ஒரே படத்தில் இரண்டு மச்சான்கள். அண்ணனின் தோள் தம்பியின் தோளுக்குள். நடுவில் பேத்தி... இரண்டு தலையோடு.

மனைவி அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியம் பஸ் பிடித்து தர்மபுரியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"என்னங்க மாப்ள, புள்ளைக்கு ரெண்டு தலைங்க!"

நான் பதில் யோசிப்பதற்குள் வாசலில் பைக் சத்தம். அந்தோணி. அண்ணனைப் பார்த்ததும் தயங்கினான். ஆனால், கோபம் தயக்கத்தைவிடப் பெரிது. உள்ளே வந்துவிட்டான்.

"கொழந்தைய இப்பிடியா மாமா எடுப்பாங்க? இந்தப் பொட்டி ஒங்களுக்கு வேணாம். வித்துரலாம்."

"ஆமாண்டா. நல்ல போனா பாத்து நாமளே வாங்கிக் குடுத்துரலாம்" என்றார் ஆரோக்கியம்.

ஆமாண்டா!

மனைவி கரண்டியோடு சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். கேமராவுக்கு ஆதரவாகப் பேச என்னிடம் நிறைய நியாயம் இருந்தது. பேசினால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். தலையைக் குனிந்துகொண்டேன். சாப்பாடு முடியும்வரை இருவரும் மாறி மாறித் திட்டினார்கள்.

பஸ்ஸில் வந்த ஆரோக்கியம், தம்பியின் பைக்கில் திரும்பிப் போனார். மோட்டார் விஷயம் முடிந்ததா? இன்னும் இல்லை. ஆனால், இப்போது நேராகவே சண்டை போட்டுக்கொள்கிறார்களாம்.

பேசாத இரண்டு பேரைப் பேச வைப்பது ஒன்றும் பெரிய காரியமில்லை — சேர்ந்து திட்டுவதற்கு மூன்றாவதாக ஒரு ஆள் வேண்டும்... அந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது!