காவற்கோபுரத்திலிருந்து ஒரு மிஸ்ட் கோல்

பாலைவனத்தில் ஒரு பழைய கோட்டையைத் தோண்டப் போகிறேன் என்று மகள் சொன்ன அன்று நான் அடுப்பே மூட்டவில்லை. மண் கிண்டுவதற்கு, நாங்கள் வந்து குடியேறிய மனோர் பார்க்கில் எங்கள் வீட்டுப் பின்வளவு போதாதா என்று கத்தினேன். தொல்லியல் படிக்க விட்டது என் பிழை என்றேன். அவள் சிரித்துக்கொண்டே பெட்டி அடுக்கினாள். ஊர்ச் சண்டையில் விழுந்த ஷெல்லுக்குத் தப்பி, நாட்டை விட்டு ஓடி வந்தவள் நான். என் பிள்ளை ஆபத்தான இடத்தைத் தானாகவே தேடிப் போகிறாள்.

இடம் வட ஆபிரிக்காவில். ரோமர் காலத்துக் கோட்டை. சுடாத மண்கல்லில் கட்டிய மதில், மூலைக்கு ஒரு காவற்கோபுரம், முற்றத்தில் தூர்ந்துபோன கிணறு. பாதிக்கு மேல் மணல் விழுங்கிவிட்டது. வணிகர்களின் ஒட்டகப் பாதையைக் காத்த வீரர்கள், உடைந்த பானை ஓடுகளில் மையால் எழுதிய கடிதங்கள் குப்பைமேட்டில் கிடைக்கின்றன என்று, பட்டணத்துக்குப் போன ஒருநாள் வீடியோ கோலில் படம் காட்டினாள். பெரும்பாலும் முறைப்பாடுகள்தானாம். தண்ணீர் உவர்க்கிறது, ரொட்டி வந்து சேரவில்லை. பாவப்பட்ட பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார் எங்கே இருந்தார்களோ என்று நினைத்தேன்.

"இருட்டினால் கோபுரத்துக்கு மேல நெருப்பு மூட்டி, அடுத்த கோட்டைக்குச் செய்தி சொல்லுவினமாம். எங்கட மிஸ்ட் கோல் மாதிரித்தான் அம்மா" என்றாள்.

எங்கள் வீட்டில் மிஸ்ட் கோலுக்கு ஒரு சட்டம் உண்டு. ஒருமுறை அடித்து நின்றால் ஆள் சுகம். நாங்கள் திருப்பிக் கோல் எடுக்கக் கூடாது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்தபோது என் தம்பி அப்படித்தான் அடிப்பான். ஒளிந்திருப்பவனின் போன் சத்தம் போட்டால் அவன் கதை முடிந்துவிடும். அதனால் குரல் கேட்க எவ்வளவு ஆசை வந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருப்போம். ஒருநாள் அவனுடைய கோல் வரவில்லை. பிறகும் வரவில்லை. சட்டம் மட்டும் எங்களோடு தங்கிவிட்டது. மகள் ஸ்கூலுக்குப் போய்ச் சேர்ந்தாலும் ஒரு ரிங், பஸ் ஏறினாலும் ஒரு ரிங் என்றே வளர்ந்தாள்.

கோட்டையில் ஒரு கோபுரத்தின் உச்சியில்தான் சிக்னல் கிடைக்கும். மற்றவர்கள் கீழே தேத்தண்ணி குடிக்கும் நேரத்தில் இவள் ஒருவருக்கும் சொல்லாமல் ஏறி எனக்கு அடிப்பாள். அந்த ஒரு சத்தத்துக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.

ஒருநாள் மத்தியானச் செய்தியில் அந்தப் பக்கத்து எல்லையில் சண்டை என்றார்கள். வரைபடத்தில் காட்டிய இடத்தைப் பார்த்ததும் எழும்பிப் போய்ச் சாமிப்படத்துக்கு விளக்கு ஏற்றினேன். கணவர் டிவிக்கும் யன்னலுக்குமாக நடந்தார். பின்னேரம் போன் ஒருமுறை அடித்து நின்றது. நான் சாமிப்படத்துக்கு முன்னால் அப்படியே இருந்துவிட்டேன்.

"ஒருக்கா திருப்பி எடுத்துப் பாப்பமே? குரலைக் கேட்டா நிம்மதி" என்றார் அவர்.

"விசரே உங்களுக்கு? அங்க என்ன நிலைமையோ தெரியாது. போன் அடிச்சு ஆரும் கண்டால்?" என்று அவர் கையிலிருந்த போனைப் பறித்தேன்.

நன்றாகச் சாப்பிட்டோம். நிம்மதியாக நித்திரை கொண்டோம்.

காலையில் அவளுடைய குழுத்தலைவி அழைத்தார். சண்டை அவர்கள் பக்கமே வரவில்லை. எங்களுக்கு அடித்துவிட்டு இறங்கத் திரும்பியபோது மகளின் காலடியில் மண்கல் பெயர்ந்துவிட்டது. கூரையில்லாத கோபுரத்தின் உள்ளே விழுந்து, சரிந்த மண்ணில் இடுப்புவரை புதைந்து கிடந்திருக்கிறாள். காற்றும் தடித்த சுவரும் அவள் குரலை வெளியே விடவில்லை. ஆளைக் காணவில்லை என்று கோட்டை முழுவதும் தேடி, விடியும்போதுதான் கண்டுபிடித்தார்களாம்.

பட்டணத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடியோவில் வந்தாள். உதடு வெடித்திருந்தது. காலில் பெரிய கட்டு. உயிரோடு இருக்கிறாள் என்பதைத் தவிர எனக்கு முதலில் எதுவும் விளங்கவில்லை. அழுது முடிய, நடந்ததைக் கேட்டேன்.

"போன் மேல திட்டிலேயே கிடந்தது அம்மா. அதில சிக்னல் இருந்தது. அது அடிச்சிருந்தா, சத்தத்துக்கு ஆக்கள் வந்திருப்பினம்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. தோண்டிய இடத்தைப் பற்றிச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள்.

"எல்லைச் சண்டை எண்டு போனில நானும் கண்டனான். நீங்களும் நியூஸ் பாத்திருப்பீங்கள், இண்டைக்காவது திருப்பி எடுப்பீங்கள் எண்டு காத்துக்கொண்டு கிடந்தனான். பிறகு யோசிச்சன், அப்பா எடுக்கப் பாப்பார், அம்மா விடமாட்டா எண்டு. அதுக்குப் பிறகுதான் கத்தத் தொடங்கினனான்."