நான் அழித்த இரண்டு நிமிடம்

முந்தின வருடம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு வாரம். கஹவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் பிள்ளைமடுவம் பார்க்கிறேன். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள், பகலில் வந்து பால் கொடுத்துவிட்டுத் திரும்ப மலைக்கு ஏறுவார்கள். பிள்ளையோடு போனையும் விட்டுப் போவது எங்கள் வழக்கம். மலையில் மழை நனைத்தால் அதோடு போன் போச்சு. அதற்காக என் மேசையில் பெரிய பிஸ்கட் டின் ஒன்று வைத்திருந்தேன். எட்டுப் பத்து போன் அதற்குள் கிடக்கும். பிள்ளையையும் போனையும் நம்பி ஒப்படைக்கிறார்கள் என்று எனக்கு உள்ளுக்குள் பெருமை வேறு.

அன்று பத்தரை மணி இருக்கும். ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் வாசலில் நின்றார். நனைந்திருந்தார். பைக் நின்றுவிட்டதாம், போனில் சார்ஜ் இல்லையாம், தம்பியை வரச் சொல்ல ஒரே ஒரு கோல் எடுக்க வேண்டுமாம். சிங்களத்தில் அவ்வளவு மரியாதையாகக் கேட்டார். வெளியாட்களை உள்ளே விடக் கூடாது என்று சுவரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. ஏற்கனவே ஒரு தடவை அதற்காக ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டவள் நான். ஆனாலும் மழையில் நிற்கிற மனிதரைப் போ என்று சொல்ல வாய் வரவில்லை.

என் போனில் ரீலோட் காசு இல்லை. டின்னில் மேலாகக் கிடந்ததை எடுத்துக் கொடுத்தேன். அது கடைசி லயத்து வீட்டு அக்காவின் போன். அதற்கு லாக் கிடையாது. அவருடைய ஐந்து மாதக் கைக்குழந்தையும் அப்போது என்னிடம் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. வந்தவர் ஜன்னல் பக்கம் போய், கீழே ரோட்டைப் பார்த்தபடி நாலு வார்த்தை பேசினார். போனைத் திருப்பித் தந்தார். மூன்று வயதுக் குட்டி ஒருத்திக்கு டொபி கொடுத்து, தலையைத் தடவிவிட்டு வெளியே போனார். போனைக் கண்டால் விடாதவள் அந்தக் குட்டி. மேசையில் வைத்ததும் எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவிட்டாள். நான் உள்ளே இன்னொரு பிள்ளைக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தேன்.

கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனைப் பிடுங்கியபோதுதான் யோசனை வந்தது. அந்த அக்காவின் புருஷன் கொழும்பில் கடையில் வேலை. அவரோடு பேசவென்று ரீலோட்டைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பார். யாருக்குக் கோல் போயிருக்கிறது என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? அந்த நம்பரை லிஸ்டிலிருந்து அழித்தேன். குட்டி வீடியோ வேறு எடுத்து வைத்திருந்தாள். திறந்ததும் தரையும் அவள் கால்விரலும் தெரிந்தது. முழுக்கப் பார்க்காமல் அதையும் அழித்தேன். கெட்டிக்காரிதான் நான் என்று எனக்கே சிரிப்பு வந்தது.

பகல் பால் கொடுக்க வந்த தாய்மார்தான் சொன்னார்கள். எங்களுக்குக் கீழே உள்ள வளைவில், மாணிக்கக்கல் வியாபாரி ஒருவரின் காரை மறித்து, அவரைக் கத்தியால் வெட்டிப் போட்டுவிட்டு, கல்லையெல்லாம் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். மனிதர் ஆஸ்பத்திரியில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கிறாராம். ஆனால் டொபி கொடுத்த மனிதரை அதோடு சேர்த்துப் பார்க்க என் புத்திக்குத் தோன்றவில்லை.

மூன்றாம் நாள் ஜீப் வந்தது. வெட்டுக்குச் சற்று முன்பு இந்தப் பக்கத்திலிருந்து போன கோல்களைத் தேடி வந்த சார்ஜன்ட் ஒரு நம்பரை வாசித்தார். அக்காவின் நம்பர். வெட்டு விழுந்த அன்று காலை இந்தப் போன் யாரிடம் இருந்தது என்று கேட்டார். அந்த நொடியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அவன் ஜன்னலில் நின்று பார்த்தது தம்பி வருகிற வழியை அல்ல, கார் வருகிற வழியை. வேலை போகும், ஜெயிலுக்குப் போவேன், என் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்கும். யோசிக்கும் முன்பே வாய் முந்திக்கொண்டது. அன்று அந்தப் போன் என்னிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன்.

மலையிலிருந்து அக்காவைக் கூட்டிவந்தார்கள். மழைக்கு இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. அவர் போலீஸைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

"தங்கச்சி, அன்னிக்கும் ஒங்க டின்னுலதானே போட்டுட்டுப் போனேன். சொல்லுங்க."

"ஞாபகம் இல்லக்கா" என்றேன்.

போனையும் அவரையும் ஏற்றிக்கொண்டு ஜீப் போய்விட்டது. வாக்குமூலம் எடுத்துவிட்டு அனுப்புவோம் என்றார்கள். பன்னிரண்டு மணிக்கு மற்றத் தாய்மார் வந்து பால் கொடுத்துவிட்டுப் போனார்கள். அக்காவின் பிள்ளை வீறிட்டது. போத்தலைக் கொடுத்தேன், துப்பியது. இன்னொரு தாய் மடியில் போட்டுப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டு மணிக்கு அதன் தொண்டை கட்டிவிட்டது. சத்தம் வராமல் வாய் மட்டும் அழுதது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மற்றப் பிள்ளைகளை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு த்ரீவீலில் ஸ்டேஷனுக்குப் போனேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். சார்ஜன்ட் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. காலையில் ஒரு கதை, பின்னேரம் ஒரு கதை, நாளைக்கு என்ன கதை என்று அமைதியாகக் கேட்டார். போன் கம்பனி ரிப்போட்டில் கோல் இருக்கிறது, போனில் இல்லை, யார் அழித்தது என்றார். நான்தான் என்றேன். ஏன் என்றார். ரீலோட்டுக்கு அக்கா ஏசுவார் என்று அழித்தேன் என்றேன். பக்கத்திலிருந்த போலீஸ்காரப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உண்மையைச் சொல்லும்போது அது எவ்வளவு பொய்யாகத் தெரிகிறது என்று அன்றுதான் கண்டேன். அக்கா பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அக்காவை அன்று மாலையே விட்டார்கள். மறுநாள் என்னைக் கோர்ட்டில் நிறுத்திப் பிணையில் விட்டார்கள். ஞாயிறுதோறும் ஸ்டேஷனில் கையெழுத்து. போனைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அழித்ததைத் தோண்டி எடுக்கிற மெஷின் அங்கே இருக்கிறதாம், அதன் ரிப்போட் வந்தால்தான் என் கதை நிற்குமா விழுமா என்று தெரியுமாம்.

ஒன்றரை மாதம். போலீஸ் என்னை அவன் கூட்டாளி என்று நினைக்கிறது. அவனோ இன்னும் பிடிபடவில்லை, அவன் முகத்தைப் பார்த்தவள் நான் ஒருத்திதான், பதினொரு பிள்ளைகளோடு நான் எங்கே இருப்பேன் என்றும் அவனுக்குத் தெரியும். தோட்டத்துத் தொரை இரக்கப்பட்டு வேலையை விட்டுவைத்தார். பட்டப்பகலில் கதவைத் தாழ் போட்டேன். வளைவில் ஒரு பைக் வேகம் குறைந்தால் பிள்ளைகளையெல்லாம் மூலைக்கு இழுத்துக்கொள்வேன். விளையாட்டு என்று நினைத்து அதுகள் சிரிக்கும்.

பிறகு ஒரு நாள் கொழும்புக்கு வரச் சொன்னார்கள். சின்ன அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஓர் அதிகாரி. அவரோடு, அந்த மெஷினின் மென்பொருளைச் செய்கிற கம்பனியிலிருந்து வந்த ஒரு பெண் பிள்ளை. பேச்சைக் கேட்டால் யாழ்ப்பாணம். திரையைத் திருப்பிக் காட்டினாள். அன்றைய காலை வரிவரியாக இருந்தது. 10.41 கோல். 10.43 வீடியோ. 10.58 கோல் அழிப்பு. 10.59 வீடியோ அழிப்பு. நான் மறந்துபோன நிமிடங்களைக்கூட அது எழுதி வைத்திருந்தது. சித்திரகுப்தன் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது.

"அக்கா, நீங்கள் அழிச்சது கண்ணுக்குத் தெரியிறதைத்தான். உள்ளுக்க அது அப்பிடியே கிடந்தது" என்று சொல்லி வீடியோவை ஓடவிட்டாள்.

தரை. குட்டியின் கால்விரல். உள்ளேயிருந்து, "ஏய் குட்டி, அக்கா போனை வையி" என்று என் குரல், தண்ணீர் ஊற்றுகிற சத்தம். பிறகு வாசல். நின்றுபோன பைக் என்றானே, ஒரே உதையில் அது கிளம்பியது. நம்பர் பிளேட் சாய்வாகத் தெரிந்தது. அப்போது அவன் திரும்பினான். போனைப் பிடித்திருக்கிற குட்டியைப் பார்த்தான். பைக்கை நிறுத்திவிட்டு இறங்கி, அவளை நோக்கி இரண்டு அடி வந்தான். ஒரு கை சட்டைக்குள் போனது. கீழே ரோட்டில் கார் ஹோர்ன் கேட்டது. கையை வெளியே எடுத்தான், ஓடிப்போய் பைக்கில் ஏறினான்.

நான் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டேன். தண்ணீர் தெளித்து உட்காரவைத்தார்கள். அந்தக் குட்டிக்கும் எனக்கும் நடுவே பத்தடிகூட இல்லை, நான் கால் கழுவிக்கொண்டு இருந்திருக்கிறேன். அந்தக் கை எதற்காகச் சட்டைக்குள் போனது என்று நான் யாரிடமும் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

எழுந்து வரும்போது, அக்காவின் போனில் உள்ள மற்றதையும் பார்ப்பீர்களா என்று அந்தக் கம்பனிப் பிள்ளையிடம் கேட்டேன். கேஸுக்குத் தேவையானதைத்தான் பார்ப்போம், ஆனால் எடுக்கும்போது எல்லாம்தான் வரும் என்றாள். புருஷனோடு பேசியது, அழுதது, சண்டை போட்டது, எல்லாம் என்னால் அந்த அறைக்கு வந்திருக்கிறது. அவள் நல்ல பிள்ளை, அதைச் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

நம்பர் பிளேட்டை வைத்து அந்த வாரமே அவனையும் கூட்டத்தையும் பிடித்தார்கள். வெட்டுப்பட்ட வியாபாரியும் பிழைத்துக்கொண்டார். என் மேல் வழக்கு இல்லையென்று ஆனது. போலீஸ் போனைத் திருப்பிக் கொடுத்த அன்று அக்காவின் லயக் காம்பராவுக்குப் போய்க் காலில் விழாத குறையாக அழுதேன். அவர் என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தீங்கள்ல. போதும், எந்திரிங்க" என்றார்.

மறுநாளும் பிள்ளையை என்னிடம்தான் கொண்டுவந்து விட்டார். இன்று அது ஓடித் திரிகிறது. மற்றவர்கள் வழக்கம்போல டின்னில் போனைப் போட்டுவிட்டுப் போகிறார்கள். அக்கா மட்டும் போனைச் சொப்பிங் பேக்கில் சுற்றி, இடுப்பில் செருகி, கொட்டுகிற மழையிலும் மலைக்குக் கொண்டுபோகிறார். ஏன் என்று நான் கேட்டதில்லை. கொழும்பு மெஷின் என்னை விடுவித்துவிட்டது, பிள்ளையை மடியில் தந்து அக்காவும் மன்னித்துவிட்டார், ஆனாலும் அவர் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு படியிறங்கும் ஒவ்வொரு காலையிலும், 'ஞாபகம் இல்லக்கா' என்று பயத்தில் நான் சொன்ன இரண்டு சொல்லுக்கு இன்னும் மன்னிப்பு வரவில்லை என்று எனக்குத் தெரிகிறது.