டோக்கியோவில் பாடிய தமிழ்ப் பாட்டு

இரண்டாயிரத்தை ஒட்டிய வருடங்களில் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் இருந்தேன். ஒரு பிராஜெக்டுக்காக ஜப்பானிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். நான் தமிழ் என்று தெரிந்ததும் கேன்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார்.

அவர் மனைவி டோக்கியோவில் ஒரு தியேட்டரில் தமிழ்ப் படம் பார்த்துவிட்டு, பிறகு கிடைத்த தமிழ்ப் படங்களையெல்லாம் தேடித் தேடிப் பார்த்தாராம். அர்த்தம் தெரியாமலே பாட்டுகள் மனப்பாடமாம். இருவருமாக இங்கே வருவதாக இருந்தார்கள். போன குளிர்காலத்தில் மூளையில் கட்டி வந்து அந்த அம்மா இறந்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் கடைசிவரை மனைவி பாடிய பாட்டுக்கு அர்த்தம் தெரிய வேண்டும் என்றார். மெதுவாகப் பாடியும் காட்டினார். எனக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. என் அம்மாவுக்குத் தெரியாத சினிமாப் பாட்டு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் விவேக் நகரில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன்.

தெருப் பிள்ளைகள் வாசலில் கூடி, கராத்தே செய்து காட்டச் சொன்னார்கள். தெரியாது என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. அவரும், வந்த புதிதில், சினிமாவில் போல எனக்கும் ஆடத் தெரியும்தானே என்று என்னிடம் கேட்டவர்தான்.

சாப்பிட்டு முடித்துப் பாடினார். அம்மா கண்ணை மூடிக் கேட்டாள். இன்னொரு தடவை பாடச் சொன்னாள்.

"இது ஒரே பாட்டு இல்லடி. முதல்ல வர்றது கல்யாணப் பாட்டு, அடுத்தது தாலாட்டு, கடைசி வரி குத்துப் பாட்டு. எல்லாம் வேற வேற படம்."

கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் அவள் முகத்தில். நான் அதை அப்படியே அவருக்குச் சொன்னேன். அவர் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"கடைசி மாதங்களில் என் பெயரே அவளுக்குக் குழம்பிவிட்டது. பாட்டு மட்டும் சரியாக இருக்கிறது என்று நினைத்திருந்தேன்."

தான் என்ன தப்பாகச் சொன்னோம் என்று அம்மா கேட்டாள். சொன்னேன். எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச அவர்களுக்குப் பொதுவாக ஒரு பாஷை இல்லை. அந்த மூன்று வரிகளையும் அவர் பாடிய அதே வரிசையில் மெல்லப் பாடினாள். அவர் குனிந்தபடி கேட்டார். சேர்ந்து பாடவில்லை.

அடுத்த மாதம் ஊருக்குப் போனார். போய்ச் சேர்ந்ததாக ஒரு மெயில் வந்தது. பிறகு நான் எழுதியவற்றுக்குப் பதில் இல்லை. பரிமாறும்போது அம்மா எப்போதாவது கேட்பாள்: "அவருக்கு யாரு சமைச்சுப் போடுறாங்களோ?"