லேபிளில் எழுதிய எடை

அறுபதுகளின் நடுவில், எங்களைப் போலத் தனியாகக் கிளினிக் வைத்திருந்த டாக்டர்களுக்குத் திருச்சி கண்டோன்மென்ட்டில் மாதம் ஒரு ஞாயிறு காலை வகுப்பு நடக்கும். மெட்ராஸிலிருந்து ஒரு பேராசிரியர் ரயிலேறி வருவார். படித்து முடித்துப் பத்து வருஷம் கழித்து மறுபடி பெஞ்சில் உட்காருவது எனக்கு எரிச்சலாக இருக்கும். ஸ்ரீரங்கத்தில் என் கிளினிக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை. எனக்கு யார் பாடம் எடுப்பது என்ற திமிர். வருகிறவர்களில் பாதிப் பேர் ரவா கேசரிக்காகத்தான் வருகிறார்கள் என்று கேலி செய்வேன். கேசரியை நானும் விட்டதில்லை.

ஒரு மாதம் பாடம் இதயச் செயலிழப்பு. இதயம் நின்றுபோவதல்ல இது. ரத்தத்தை இறைக்கும் பலம் குறைந்து, உடம்பில் தண்ணீர் தேங்கிக்கொண்டே வரும். கால் வீங்கும், படுத்தால் மூச்சு முட்டும். "ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கறதுக்கு முன்னாடி தராசை எடுங்க," என்றார் பேராசிரியர். "பேஷன்ட் தினமும் எடை பார்க்கணும். நாலு நாள்ல ரெண்டு கிலோ ஏறினா அது சதை இல்லை, தண்ணி. அன்னிக்கே உங்ககிட்ட வந்தாகணும்." நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன்.

என்னிடம் அப்படி ஒரு நோயாளி இருந்தார். ஜங்ஷன் பார்சல் ஆபீஸில் குமாஸ்தா. முசிறிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் மனைவியோடு குடியிருந்தார். பிறந்ததிலிருந்தே ஒல்லி. "காத்து அடிச்சா என்னையும் மூட்டையோட சேர்த்துக் கட்டணும்னு ஆபீஸ்ல சொல்வாங்க டாக்டர்" என்று தானே சொல்லிச் சிரிப்பார்.

தினமும் எடை பார்க்கச் சொன்னதும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "ஊர் மூட்டையெல்லாம் எடை போடறேன், என்னைப் போட்டுக்க மாட்டேனா?" காலையில் வேலைக்குப் போனதும் பார்சல் தராசில் ஏறி நின்று, ஒரு லேபிளில் தேதியும் எடையும் எழுதிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. உப்பைக் குறைங்க, மாத்திரையை விடாதீங்க, எடையை எழுதிட்டு ஒரு மாசம் கழிச்சு வாங்க என்று சொல்லி அனுப்பினேன். ஏறினால் உடனே வாங்க என்பதை மட்டும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததால் அவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன் போலிருக்கிறது. இத்தனை வருஷம் என்னையே கேட்டுக் கிடைத்த பதில் இவ்வளவுதான்.

அடுத்த மாத வகுப்புக்குப் போக பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மனைவி காய்கறிப் பையோடு ஜன்னலருகே ஓடி வந்தார்.

"டாக்டர், அவங்களுக்கு உடம்பு நல்லா தேறிட்டு வருதுங்க. மூணு வாரத்துல நாலு கிலோ ஏறியிருக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல அவங்களை இப்படிப் பார்த்ததே இல்லைங்க."

ஒருவருக்கு உடம்பு தேறிவிட்டது என்றால் நாம் எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொன்னேன். "ரொம்ப சந்தோஷம்மா." பஸ் கிளம்பியது. அவர் கும்பிட்டார்.

காவிரிப் பாலத்தின் பாதியில்தான் அந்த நாலு கிலோ என் மண்டையில் ஏறியது. பாலம் தாண்டியதும் இறங்கித் திரும்பியிருக்கலாம். வகுப்பு முடிந்து சாயங்காலம் போய்ப் பார்க்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அன்று என்ன பாடம் நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

சாயங்காலம் அந்தச் சந்து முனைவரை போனேன். அவர்கள் வீட்டில் விளக்கு எரிந்தது. மருந்துப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் சந்தோஷம் என்று சொன்ன வாயால் இப்போது போய் அது தண்ணீரம்மா என்று எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது. பூசி மெழுகாமல் சொன்னால், கௌரவம் பார்த்தேன். நாளைக்கு ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, வழக்கமான பரிசோதனை மாதிரி பார்த்து மாத்திரையைக் கூட்டிவிடலாம் என்று திரும்பி நடந்தேன்.

மறுநாள் காலை ஆள் அனுப்பினேன். அவர் வேலைக்குப் போயாயிற்று. அன்று மத்தியானம் ஜங்ஷன் மேம்பாலப் படிகளில் பாதி ஏறியவர் மூச்சு முட்டி உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

காரியமெல்லாம் ஆன பிறகு அந்த அம்மா கிளினிக்குக்கு வந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி படுக்கவே முடியலைங்க, உக்காந்தே இருந்தாங்க. உங்களைக் கூப்பிடட்டுமான்னு கேட்டேன். டாக்டரே சந்தோஷம்னு சொல்லிட்டாரு, இது வெறும் அசதின்னுட்டாங்க." நூலில் கோத்த லேபிள்களை மேஜைமேல் வைத்தார். "உங்ககிட்ட காட்டணும்னு சேர்த்து வச்சாங்க. கடைசி ஒண்ணு சட்டைப்பையில இருந்துச்சு."

ஏறியது தண்ணீர் என்பதும், அது எனக்கு அன்றைக்கே தெரியும் என்பதும் அவரிடம் நான் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஒரு வகுப்பையும் தவறவிட்டதில்லை. எடை ஏறினால் வாங்க என்று நோயாளிகளிடம் நாலு தடவை சொல்வேன். டாக்டருக்கு மறதி என்று சிரிப்பார்கள். கல்யாண வீட்டில் யாராவது உடம்பு தேறியிருக்கு என்றால் என் கண் அவர்கள் காலுக்குப் போய்விடும். அந்தச் சந்து முனையைத் தாண்டும்போது கையில் பை கனக்கும், பை எடுத்துவராத நாளிலும்.

லேபிள்கள் என் மேஜை டிராயரில் இருக்கின்றன. கடைசி லேபிளில் திங்கட்கிழமை தேதி. எடை இன்னும் ஒரு கிலோ கூடியிருக்கிறது. அதன் கீழே, பார்சல்மேல் 'கண்ணாடி, ஜாக்கிரதை' என்று எழுதுகிற அதே அழுத்தமான பென்சில் எழுத்தில் எழுதியிருக்கிறார்: "டாக்டருக்கும் சந்தோஷம்."